இறங்கும்போது மட்டும் எரியும் மாஸ்ஃபெட்

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில் ஒரு பழைய குடியிருப்பின் மூன்றாவது மாடி. குடிதண்ணீர் தரைத்தளத்தில். நடுவில் 54 படி. பிளாஸ்டிக் குடத்தில் 15 லிட்டர் பிடிக்கும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று அம்மா இருபது வருடமாக ஏற்றிக்கொண்டிருந்தாள். போன வருடம் மூட்டுவலி வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் குடத்தை இறக்கி வைத்து, சுவரைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கி ஏற ஆரம்பித்தாள். தண்ணீர் வருவதோ நான் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு. அதனால்தான் பால்கனியிலிருந்தே குடத்தைத் தூக்கும் ஒரு மோட்டார் கப்பி செய்துவிடுவது என்று இறங்கினேன்.

மோட்டாரைப் புதுப்பேட்டையில் வாங்கினேன். கழற்றிய கார் பாகங்கள் குவிந்து கிடக்கும் அந்தத் தெருக்களில் ஒரு வைப்பர் மோட்டார் தேடிப் போனேன். வைப்பர் மோட்டார்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. அதற்குள் வார்ம் கியர் இருக்கிறது. திருகு மாதிரி ஒரு தண்டு, அது ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும். ஆனால் பல்சக்கரத்தைப் பிடித்துத் திருகினால் தண்டு அசையாது. மோட்டார் குடத்தைத் தூக்கும், குடம் மோட்டாரைத் திருப்பாது. பாதி வழியில் மின்சாரம் நின்றாலும் குடம் அந்தரத்தில் அப்படியே தொங்கும். கீழே பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம்; எனக்கு அதுதான் முதல் கவலை.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். தண்ணீர், குடம், கொக்கி எல்லாம் சேர்த்து 16 கிலோ, ஏறக்குறைய 160 நியூட்டன். கயிறு சுற்றும் உருளையின் ஆரம் 4 சென்டிமீட்டர். ஆக 6.4 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். கார் வைப்பர் மோட்டாருக்கு அது பெரிய பாரம் இல்லை. உருளை ஒரு சுற்றில் 25 சென்டிமீட்டர் கயிற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 45 சுற்று என்றால் 11 மீட்டர். எங்கள் பால்கனி 9 மீட்டர் உயரம், ஆக 50 நொடியில் குடம் மேலே. தூக்குகிற வேலைக்கு மட்டும் 29 வாட். வார்ம் கியர் பாதிக்கு மேல் உராய்விலேயே தின்றுவிடும், அதனால் பேட்டரியிலிருந்து 75 வாட் போகும் என்று வைத்துக்கொண்டேன். 12 வோல்ட்டில் அது 6 ஆம்பியருக்குச் சற்று மேல்.

மேலே கீழே போக, மின்காந்தத்தால் இயங்கும் ரிலே சுவிட்ச் இரண்டு போதுமே என்று கேட்கலாம். போதும்தான். ஆனால் ரிலே விழுந்த நொடியில் மோட்டார் முழு வேகத்தில் துள்ளும், கயிறு வெட்டி இழுக்கும், வாய் திறந்த குடத்தில் தண்ணீர் தளும்பி இரண்டாவது மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் நனையும். மெல்ல ஆரம்பித்து, வேகம் பிடித்து, மேலே நெருங்கும்போது மறுபடி மெல்ல வர வேண்டும். அதற்குப் பிடபிள்யூஎம் வேண்டும், அதாவது கரண்ட்டை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்து மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. இரண்டு திசையிலும் அப்படி ஓட்ட எச் பிரிட்ஜ் வேண்டும்.

எச் என்ற ஆங்கில எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டில் மோட்டார். நான்கு கால்களிலும் ஒவ்வொரு சுவிட்ச், என் சர்க்யூட்டில் ஒவ்வொரு மாஸ்ஃபெட். மாஸ்ஃபெட் என்பது ஒரு சிலிக்கான் சுவிட்ச், அதன் கேட் என்ற முனைக்கு வோல்டேஜ் கொடுத்தால் டிரெய்ன் என்ற முனையிலிருந்து சோர்ஸ் என்ற முனைக்குக் கரண்ட் ஓடும். மேல் இரண்டும் பேட்டரியின் பிளஸ்ஸில், கீழ் இரண்டும் மைனஸில். இடது மேலும் வலது கீழும் சேர்ந்து ஆன் ஆனால் குடம் ஏறும். வலது மேலும் இடது கீழும் ஆன் ஆனால் இறங்கும். ஒரே பக்கத்தின் மேலும் கீழும் சேர்ந்து ஆன் ஆகிவிட்டால் பேட்டரி நேராக ஷார்ட். இந்த நாலு பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் புரியும்.

மேசைமேல் வந்த தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், முதல் முறை செய்கிற எல்லோருக்கும் வருகிறவைதான். முதலில் எல்298என் என்ற ரெடிமேட் மோட்டார் டிரைவர் போர்டு போட்டேன். ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும். 1 ஆம்பியர் ஓடும்போதே 2 வோல்ட் அளவுக்கு உள்ளேயே விழுங்கிவிடும். அதை ஓரமாக வைத்துவிட்டு மெட்ரோ ஏறி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் பத்து வாங்கி வந்தேன். 55 வோல்ட், 49 ஆம்பியர், ஆன் ஆகும்போது தடை 17.5 மில்லி ஓம். 7 ஆம்பியர் ஓடினால் ஒன்றில் 0.86 வாட்தான் சூடாகும், சின்ன ஹீட் சிங்க் போதும். ஆனால் அந்த 17.5 மில்லி ஓம் என்பது கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்தால் கிடைப்பது. இதையெல்லாம் இயக்கும் சின்னக் கணினி போர்டான அர்டுயினோவின் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் மாஸ்ஃபெட் அரைகுறையாகத்தான் திறக்கும், கொதிக்கும். அதனால் நடுவில், கேட்டுக்கு வேண்டிய வோல்டேஜைக் கொடுக்கும் ஐஆர்2104 என்ற கேட் டிரைவர் ஐசி, பக்கத்துக்கு ஒன்று.

இந்த ஐஆர்2104 செய்கிற ஒரு வேலையைப் பார்த்து எனக்கு நிஜமாகவே மலைப்பு. மேல் மாஸ்ஃபெட் ஆன் ஆக அதன் கேட், சோர்ஸைவிட 10 வோல்ட் உயரத்தில் இருக்க வேண்டும். ஆன் ஆனதும் சோர்ஸே 12 வோல்ட்டுக்கு ஏறிவிடும். அப்படியென்றால் கேட்டுக்கு 22 வோல்ட் வேண்டும், பேட்டரியோ 12. என்ன செய்வது? கீழ் மாஸ்ஃபெட் ஆனில் இருக்கும்போது ஒரு சின்னக் கெபாசிட்டர் டயோடு வழியாகப் பேட்டரியிலிருந்து நிரம்பிக்கொள்கிறது. பிறகு மேல் மாஸ்ஃபெட்டின் முறை வரும்போது அந்தக் கெபாசிட்டரே சோர்ஸோடு சேர்ந்து மேலே ஏறி கேட்டுக்குக் கை கொடுக்கிறது. பூட்ஸ்ட்ராப் என்பது இதுதான். நான் அர்டுயினோ நிரலில் முழு வேகத்துக்கு 255 என்று, அதாவது பிடபிள்யூஎம்மின் அதிகபட்ச எண்ணை, எழுதியிருந்தேன். 255 என்றால் அர்டுயினோவிலிருந்து வரும் சிக்னல் இறங்கவே இறங்காது, கீழ் மாஸ்ஃபெட் ஆன் ஆகவே ஆகாது, கெபாசிட்டர் நிரம்ப வழியில்லை. மோட்டார் கொஞ்ச நேரம் ஓடி, தளர்ந்து, முனகி நின்றது. மேல் மாஸ்ஃபெட்டைத் தொட முடியவில்லை. 245 என்று மாற்றினேன். பிடபிள்யூஎம் 490 ஹெர்ட்ஸ், ஆக 2 மில்லி நொடிக்கு ஒருமுறை கெபாசிட்டருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொன்று எங்கள் ஏரியாவுக்கே உரியது. காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று வீட்டில் எந்த உலோகத்தையும் விடாது. மோட்டார் கிளம்பும்போதெல்லாம் அர்டுயினோ ரீசெட் ஆனது. மீட்டரை வோல்ட்டில் வைத்து, பேட்டரிக் கிளிப்பில் ஒரு முனை, அதிலிருந்து போகும் வயரில் ஒரு முனை வைத்து மோட்டாரை ஓட்டினேன். நல்ல இணைப்பு என்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 1.8 வோல்ட் காட்டியது. கிளிப்பைப் பிரித்தால் உள்ளே செம்புக் கம்பி பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது. அதே இணைப்பு, கரண்ட் ஓடாதபோது கன்டினியூட்டியில் வைத்தால் நன்றாக பீப் அடித்தது. இணைப்பை எப்போதும் கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டும் என்று அன்றைக்கு எழுதி வைத்தேன். கம்பியைச் சுரண்டி, புது லக் போட்டு, ஈயம் வைத்து, மேலே கிரீஸ் தடவியதும் சரியாகிவிட்டது.

சரி, மேசைமேல் எல்லாம் ஓடியது. மேலே, கீழே, மெல்ல, வேகமாக. ஒரு வாரம் தினமும் ஓட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் வெல்டிங் கடையில் இரும்பு ஆங்கிளில் ஒரு ஃபிரேம் செய்து பால்கனிக் கிரில்லோடு போல்ட் போட்டேன். ஃபிரேமில் மோட்டார், மோட்டாரின் தண்டில் உருளை, உருளையின் மறுமுனையைத் தாங்க ஒரு பிளம்மர் பிளாக், அதாவது பேரிங் வைத்த இரும்புத் தாங்கி. கொக்கி உச்சிக்கு வந்ததும் நிறுத்த ஒரு மைக்ரோ சுவிட்ச். சுவிட்சிலிருந்து அர்டுயினோவுக்கு ஒரு வயர்தான் இழுத்தேன். மறுமுனையை ஃபிரேமிலேயே திருகிவிட்டு, பேட்டரியின் மைனஸை ஒரு கனமான லக் வைத்து ஃபிரேமில் போல்ட் பண்ணினேன். வண்டிகளில் அப்படித்தானே செய்கிறார்கள், ஒரு வயர் மிச்சம்.

முதல் குடம் ஏறியது. நான் பால்கனியில், அம்மா கீழே. குடம் ஆடாமல் அசையாமல், முதல் மாடி ஜன்னலைத் தாண்டி, இரண்டாவது மாடி ஜன்னலைத் தாண்டி வந்தது. "இன்னாம்மா, ராட்டினம் கரெக்டா சுத்துதே!" என்று கீழ்வீட்டு ஆயா கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்துச் சொன்னார். குடத்தை இறக்கி வைத்துவிட்டு மாஸ்ஃபெட்களைத் தொட்டுப் பார்த்தேன். இடது மேல் வெதுவெதுப்பு. வலது கீழ் சில்லென்று இருந்தது. நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். அந்தச் சில்லிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காலிக் கொக்கியை இறக்க பட்டனை அழுத்தினேன். டப். பொட்டுவெடி மாதிரி ஒரு சத்தம். வலது மேல் மாஸ்ஃபெட்டின் கறுப்பு முகத்தில் கடுகளவு ஒரு ஓட்டை, அதிலிருந்து நூல் போல வெள்ளைப் புகை. 20 ஆம்பியர் ஃப்யூஸும் போய்விட்டது, ஆனால் மாஸ்ஃபெட் போன பிறகு. ஃப்யூஸ் கம்பி சூடேறி உருக நேரம் வேண்டும், சிலிக்கான் அதற்குள் முடிந்துவிடும்.

எரிந்ததைக் கழற்றி மீட்டரின் டயோடு மோடில் வைத்துப் பார்த்தேன். இந்த வகை மாஸ்ஃபெட் நன்றாக இருந்தால், சிவப்பு முனை சோர்ஸிலும் கறுப்பு முனை டிரெய்னிலும் வைக்கும்போது உள்ளே இருக்கும் டயோடு 0.5 வோல்ட் பக்கத்தில் காட்டும். மாற்றி வைத்தால் ஒன்றும் காட்டாது. இது இரண்டு பக்கமும் பூஜ்யம், விடாமல் பீப். உள்ளே எல்லாம் ஒட்டிப்போய்விட்டது. முதல் முறை என்பதால் பீஸ் சரியில்லை என்று நினைத்தேன், இந்த வகையில் போலிகள் நிறைய. புதிதாக ஒன்று போட்டேன். குடம் ஏறியது. இறக்க அழுத்தினேன். டப்.

"இன்னாடி, திரும்ப பூட்ச்சா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

இரண்டாவது முறை பாரத்தைச் சந்தேகப்பட்டேன். இறங்கும்போது குடத்தின் எடை மோட்டாரை இழுத்து, மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி வோல்டேஜை ஏற்றிவிடுகிறதோ? யோசித்தால் அது பொருந்தவில்லை. வார்ம் கியர் எதிர்ப்பக்கம் சுற்றவே சுற்றாது, அதோடு கொக்கி காலியாக இருந்தது. சந்தேகம் தீரட்டும் என்று கயிற்றையே கழற்றிவிட்டு வெறும் உருளையோடு அழுத்தினேன். டப். பாரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்துகொள்ள மூன்றாவது மாஸ்ஃபெட் செலவாயிற்று. அந்தச் செலவு வீண் இல்லை, ஒரு பெரிய சந்தேகம் அறவே ஒழிந்தது.

அடுத்து, வலது பக்கத்து ஐஆர்2104 கெட்டிருக்குமோ? மேலையும் கீழையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுகிறதோ? அந்த ஐசியே இரண்டுக்கும் நடுவில் 520 நானோ நொடி இடைவெளி விடும், ஆனாலும் பீஸ் பழுதாக இருக்கலாமே. இரண்டு ஐசியும் சாக்கெட்டில்தான் இருந்தன. வலதை இடதிலும் இடதை வலதிலும் மாற்றிப் போட்டேன். ஐசியில் கோளாறு என்றால் கோளாறும் அதனோடு இடது பக்கம் போக வேண்டும். போகவில்லை. நாலாவது முறையும் போனது வலது மேல்தான்.

இந்த இடத்தில் ஃபிரேமையும் சந்தேகப்பட்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். மாஸ்ஃபெட்டின் முதுகுத் தகடு டிரெய்னோடு சேர்ந்தது. கீழ் இரண்டின் ஹீட் சிங்க் ஃபிரேமைத் தொட்டால் மோட்டாரின் வயரே மைனஸில் போய் ஒட்டும். எல்லாவற்றையும் கழற்றி, நடுவில் கரண்ட் போகாமல் இருக்க வைத்த மைக்காத் தகடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. போர்டிலிருந்து ஃபிரேமுக்கு எங்கும் ஷார்ட் இல்லை. ஃபிரேமில் கோளாறு இல்லை என்று நோட்டில் எழுதி ஒரு கோடும் போட்டுவிட்டேன். போர்டை மட்டும் பார்த்துவிட்டு ஃபிரேமுக்கே நற்சான்று கொடுத்தது தவறு. மறுபடி போர்டை மேசைக்குக் கொண்டுவந்து, ஐந்தாவது மாஸ்ஃபெட்டைப் போட்டு, மோட்டாரையும் கழற்றி வந்து மாட்டினால் பத்து முறை ஏற்றம், பத்து முறை இறக்கம், ஒரு குறையும் இல்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு அழுகை வந்தது.

மறுநாள் சாயங்காலம் டி.எச். ரோட்டுப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் அண்ணனிடம் போனேன். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஹெட்லைட்டுக்கும் செல்ஃபுக்கும் அவரிடம்தான் நிற்கும். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேசை டிராயரிலிருந்து ஒரு பழைய எச்4 ஹெட்லைட் பல்பை எடுத்துக் கொடுத்தார். "இத்த சீரியல்ல போட்டு ஓட்டிப் பாரு தங்கச்சி. ஷார்ட்டுனா பல்ப் எரியும், உன் பார்ட்டு எரியாது. எத்தினி வாட்டி வேணா அமுக்கலாம்."

டெஸ்ட் லேம்ப் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. வீட்டு வயரிங்கில் சீரியல் பல்ப் போட்டுப் பார்ப்பதை டிப்ளமோவிலேயே செய்திருக்கிறேன். 12 வோல்ட் பிரிட்ஜுக்கும் அதையே செய்யலாம் என்று தோன்றாமல் போயிற்று. 55 வாட் இழை என்பதால் முழுதாக எரிந்தாலும் 5 ஆம்பியருக்கு மேல் விடாது. பேட்டரி பிளஸ்ஸுக்கும் பிரிட்ஜின் பிளஸ்ஸுக்கும் நடுவில் மட்டும் பல்பைப் போட வேண்டும். அர்டுயினோவுக்கும் ஐஆர்2104க்கும் பல்புக்கு முன்னாலிருந்து தனி வயர். இல்லாவிட்டால் வோல்டேஜ் விழுந்து அவையும் மயங்கிவிடும், என்ன நடக்கிறது என்றே தெரியாது.

போர்டையும் மோட்டாரையும் மறுபடி ஃபிரேமில் மாட்டி ஏற்றத்தை அழுத்தினேன். பல்ப் மங்கலாகச் சிவந்தது, உருளை சோம்பலாகச் சுற்றியது. இறக்கத்தை அழுத்தினேன். பால்கனி முழுக்க வெளிச்சம். உருளை அசையவில்லை. எதுவும் எரியவில்லை. இதுவரை ஒரு நொடியில் வெடித்துத் தடயம் இல்லாமல் போன கோளாறு, இப்போது கண்ணெதிரே அசையாமல் நின்றது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அளக்கலாம்.

அளந்தேன். வலது மேல் ஆனில் இருக்கிறது, அதன் கேட்டில் போதிய வோல்டேஜ் இருக்கிறது. அப்படியென்றால் மோட்டாரின் வலது வயர் பிளஸ்ஸில் இருக்க வேண்டும். பேட்டரி மைனஸிலிருந்து அந்த வயருக்கு அளந்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டியது. மோட்டாருக்குள் நுழையாமலேயே கரண்ட் மைனஸுக்குப் போகிறது. போர்டிலிருந்து வலது வயரை உருவினேன். பல்ப் அணைந்தது. மறுபடி செருகினேன், எரிந்தது. ஆக போர்டில் கோளாறு இல்லை. கோளாறு அந்த வயருக்கு அந்தப் பக்கம், மோட்டாரில். ஆனால் இதே மோட்டார்தான் முந்தின இரவு மேசையில் இருபது முறை சுற்றியது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அவர். "வைப்பர் மோட்டார்ல பாடி எர்த்துமா. நீ மைனஸ எங்க குடுத்துக்கீற?"

போனைக் கையில் பிடித்தபடியே மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் வலது வயரிலும் மறுமுனையைக் கியர்ப் பெட்டியின் வெறும் அலுமினியத்திலும் வைத்தேன். பீப்.

காரில் பேட்டரியின் மைனஸ் வண்டி உடம்போடு சேர்ந்திருக்கிறது. அதனால் பல வைப்பர் மோட்டார்களில், சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்களில் பொதுவான ஒன்றை மோட்டாரின் உடம்போடேயே சேர்த்துவிடுவார்கள். காரில் அந்த மோட்டார் ஒரே திசையில்தான் சுற்றும், கண்ணாடியில் கை இப்படியும் அப்படியும் போவது வெளியே இருக்கும் இணைப்புக் கம்பிகளால். எனவே அங்கே அந்த பிரஷ் எப்போதும் மைனஸ்தான், ஒரு சங்கடமும் இல்லை. நானோ அதைத் திருப்பி ஓட்டுகிறேன். திருப்பும்போது அந்த பிரஷ்ஷுக்குப் பிளஸ் போகிறது, பிரஷ்ஷிலிருந்து மோட்டார் உடம்புக்கு, உடம்பிலிருந்து போல்ட் வழியாக ஃபிரேமுக்கு, ஃபிரேமிலிருந்து நான் கனமான லக் வைத்து முறுக்கிய பேட்டரி மைனஸுக்கு. வழியில் மொத்தத் தடை 0.1 ஓம் என்று தாராளமாக வைத்தாலும் 120 ஆம்பியர். பேட்டரி வோல்டேஜ் சரியும், அதோடு ஐஆர்2104 கொடுக்கும் கேட் வோல்டேஜும் சரியும், மாஸ்ஃபெட் அரைத் திறப்பில் அத்தனை கரண்ட்டையும் தாங்கப் பார்க்கும். மேசை மரம். அங்கே இந்த வழியே இல்லை.

அப்போதுதான் அந்தச் சில்லிப்பு நினைவுக்கு வந்தது. குடம் ஏறும்போது இடது மேலும் வலது கீழும் ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. ஒன்றில் போகிற கரண்ட் மற்றதிலும் போய்த்தான் ஆக வேண்டும், வேறு வழியே கிடையாது. இரண்டும் ஒரே வகை மாஸ்ஃபெட். பிடபிள்யூஎம்மில் திறந்து மூடுகிற இடது மேல் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகலாம், சரி. ஆனால் மற்றது சில்லென்று இருக்க முடியாது. வலது கீழ் செய்ய வேண்டிய வேலையை ஃபிரேம் செய்துகொண்டிருந்தது. கரண்ட்டில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் அதன் வழியாகப் போயிருந்தாலும் சூடு ஒன்பதில் ஒரு பங்குதான், விரலுக்குத் தெரியாது. முதல் குடம் ஏறிய அன்றைக்கே, ஒன்றும் எரிவதற்கு முன்னாலேயே, சர்க்யூட் அதைச் சொல்லிவிட்டது. கோளாறு தேடுகிறவர்கள் சூட்டைத்தான் தேடுகிறோம். பேட்டரியிலிருந்து மோட்டார் வரைக்கும் விரல் வைத்துக்கொண்டே வந்து, சூடாக இருக்க வேண்டியது எது சூடாக இல்லை என்று கேட்டிருந்தால் நாலு மாஸ்ஃபெட்டும் பிழைத்திருக்கும்.

சரிசெய்வதும் ஒரே தடவையில் முடியவில்லை. மோட்டாருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி வைத்தேன், போல்ட்டுகளுக்கு நைலான் புஷ் போட்டேன். மீட்டர் வைத்தால் இன்னும் பீப். ஒரு மணி நேரம் ரப்பரையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு புரிந்தது. மோட்டாரின் தண்டும் உடம்போடு சேர்ந்ததுதானே. தண்டிலிருந்து உருளை, உருளையிலிருந்து பிளம்மர் பிளாக், அதன் அடியில் ஃபிரேம். ரப்பர் வைத்த இடத்தைச் சுற்றிக்கொண்டு கரண்ட் பின்வாசல் வழியாகப் போனது.

அதனால் மோட்டாரை அண்ணனிடமே தூக்கிக்கொண்டு போனேன். மூடியைத் திறந்து காட்டினார். பழைய கிரீஸ் கறுத்துப் போயிருந்தது. தகட்டில் மூன்று கார்பன் பிரஷ், இரண்டு வேகத்துக்கு இரண்டு, பொதுவானது ஒன்று. அந்தப் பொது பிரஷ்ஷின் சின்னப் பின்னல் கம்பி, மூடியோடு ரிவெட் அடித்த ஒரு தகட்டில் ஒட்டியிருந்தது. கனெக்டருக்கு வரும் வயரும் அதே ரிவெட்டில். வெளியே வயர் வந்ததைப் பார்த்து நான் அதைத் தனி என்று நினைத்திருந்தேன். ரிவெட்டை டிரில் வைத்து எடுத்து, பின்னல் கம்பியில் தனி வயரை ஈயம் வைத்துச் சேர்த்து, ஸ்லீவ் போட்டு வெளியே இழுத்தார். காசு வாங்கவில்லை. "தண்ணி தூக்குற வேலைக்கா? போ" என்றார்.

வீட்டுக்கு வந்து பேட்டரி மைனஸை ஃபிரேமிலிருந்து பிரித்தேன். மைக்ரோ சுவிட்சுக்குத் தனியாக இரண்டாவது வயர் இழுத்தேன். பிரஷ்ஷை உடம்பிலிருந்து பிரிப்பது, மைனஸை ஃபிரேமிலிருந்து பிரிப்பது, இரண்டில் ஒன்று செய்தாலே போதும், ஆனால் பால்கனி எப்போதும் ஈரம், இரண்டும் இருக்கட்டும். மோட்டார் உடம்புக்கும் ஒவ்வொரு வயருக்கும் மீட்டர் வைத்தேன், எதிலும் சத்தமில்லை. பல்ப் போட்டு இறக்கத்தை அழுத்தினேன். ஏற்றத்தில் இருந்த அதே மங்கல் சிவப்பு. பல்பை எடுத்துவிட்டு நேராக ஃப்யூஸ் போட்டு அழுத்தினேன். கொக்கி தரைவரைக்கும் போய் நின்றது.

அன்றைக்குச் சாயங்காலம் எங்களுக்கு நாலு குடம், கீழ்வீட்டு ஆயாவின் மகள் இருக்கும் நாலாவது மாடிக்காக எங்கள் பால்கனி வரைக்கும் ஐந்து குடம், ஆக மொத்தம் ஒன்பது. அம்மா படியேறவில்லை, கீழே நின்று கொக்கி மாட்டிவிட்டுக் கையசைத்தாள். ஒன்பதாவது குடம் வந்ததும் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, ஒரு விரலை இடது மேலிலும் இன்னொரு விரலை வலது கீழிலும் வைத்தேன். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தன.